கால் அளவு

வெள்ளவத்தை,
12.11.1998

அன்புள்ள மச்சாளுக்கு,

பாலேஸ்வரி எழுதுவது. நான் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறேன். உங்கள் முழங்கால் நோவு எப்படி? மாரி தொடங்கிவிட்டது, இனி அது உங்களைச் சும்மா விடாது. வதனியை எண்ணெய் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று தெரிந்துதான் அவளுக்கும் ஒரு வரி எழுதுகிறேன்: வதனி, அம்மாவின் பேச்சைக் கேளாதே, எண்ணெயைப் போடு.

ஒரு புதினம். துணிக்கடை வேலையை விட்டுவிட்டேன். தீபாவளிக் கூட்டம் ஓய்ந்ததும் முதலாளி செல்லையாவிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நாள் முழுக்க நின்று நின்று கால் இரண்டும் வீங்கிவிட்டன. வேறு காரணம் ஒன்றும் இல்லை. இப்போது கொட்டாஞ்சேனையில் ஹாஷிம் நானா என்பவரின் கடையில் அரைநாள் வேலை. காலையில் போய் மத்தியானம் திரும்பிவிடலாம். இருந்துகொண்டே செய்கிற வேலை என்பதால் காலுக்கும் சுகம். நானா நல்ல மனிதர், அதிகம் கேள்வி கேட்கிறவர் இல்லை. இரத்மலானையிலிருந்து வருகிற பஸ்ஸில் ஏறிப் போகிறேன். அது போகிற வேகத்துக்கு நடந்தே போயிருக்கலாம் என்று தினமும் நினைக்கிறேன்.

மிச்ச அரைநாளில் உங்கள் தம்பியைத் தேடுகிற அலுவலாக நாலு அலுவலகத்துக்குப் போய்வர முடிகிறது. அவர் அரிசி வாங்கவென்று சைக்கிளில் போய் இரண்டு வருடத்துக்கு மேலாகிவிட்டது. போகிற இடமெல்லாம் ‘விசாரிக்கிறோம், பிறகு வாருங்கள்’ என்ற ஒரே பாட்டுத்தான். துணிக்கடையில் நின்றபோது பிறகு போகவும் நேரம் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது, அந்த வகையில் நல்லதுதான்.

வதனியின் கலியாணப் பேச்சு எந்த அளவில் நிற்கிறது? நல்ல செய்தி எழுதுவீர்கள் என்று பார்த்திருக்கிறேன்.

உங்கள் மச்சாள்,
பாலேஸ்வரி


கொக்குவில்,
09.12.1998

அன்பின் பாலேஸ்வரிக்கு,

உமது கடிதம் கப்பலில் ஆடி அசைந்து நேற்றுத்தான் வந்து சேர்ந்தது. நானும் வதனியும் சுகம். உமது ஒரு வரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் எண்ணெய்ப் போத்தலோடு என்னைத் துரத்துகிறாள். கொழும்பில் இருந்துகொண்டு இங்கே கலகம் மூட்டுகிறீர், நல்லாயிரும்.

நல்ல செய்தி கேட்டீர். முற்றாகிவிட்டது. சரோஜினிதேவி ரீச்சரின் மூத்தவன் சிவபாலன்தான் மாப்பிள்ளை, வங்கியில் வேலை. ரீச்சரை உமக்குத் தெரியும்தானே, கோயில் வீதியில் நின்று ‘எப்பிடிச் சுகம்’ என்று கேட்டால் தேர்முட்டி வரைக்கும் கேட்கும். ஆனிக் கடைசியில் நாள் வைத்திருக்கிறோம். ரீச்சர் கூறைச் சேலை எடுக்கவென்று கொழும்புக்கு வந்து, திரும்பிவரத் திருகோணமலையில் கப்பலுக்குக் காத்துக் கிடக்கிறாராம். வெள்ளவத்தையில்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். உமது கடைக்கு வரவில்லையா?

கூறை மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. அதற்கு முன்னால் பெண் உடுத்துக்கொண்டு மணவறைக்கு வருகிற சேலை எங்கள் பொறுப்பு. அதை நீர்தான் எடுத்து அனுப்ப வேணும். தாய்மாமன் இல்லாத குறையை மாமியின் கை தீர்க்கட்டும் என்கிறாள் வதனி. வாய் கொழுத்துத்தான் போயிருக்கிறது அவளுக்கு.

புதுக் கடையில் என்ன விற்கிறார்கள்? அதை எழுதவில்லையே. வெள்ளவத்தையில் தடுக்கி விழுந்தால் கடை, நீர் ஏன் கொட்டாஞ்சேனைக்குப் போகிறீர்?

தம்பி வருவான். நீர் கப்பல் ஏறிய அன்று நான் சொன்னதை மறவாதேயும். பொட்டை விடாமல் வையும்.

இப்படிக்கு,
இரத்தினம்மா


வெள்ளவத்தை,
02.01.1999

அன்புள்ள மச்சாளுக்கு,

புது வருடம் உங்களுக்கும் வதனிக்கும் நல்லதையே கொண்டுவர வேணும். எனக்குச் சின்னத் தடிமன், வேறு ஒன்றும் இல்லை. உங்கள் கடிதம் வந்த அன்று வீட்டுக்கார அம்மாவுக்குக் கற்கண்டு வாங்கிக் கொடுத்தேன். ‘என்ன விசேஷம்?’ என்று கேட்டார். ‘என்ர மருமகளுக்குக் கலியாணம்’ என்றேன். சொல்லும்போதே நெஞ்சு நிறைந்துவிட்டது. சிவபாலன் நல்ல பிள்ளை.

கொழும்பு பெரிய இடம் மச்சாள். ஒரு துணிக்கடைக்கு ஒரு நாளில் எத்தனை பேர் வருவார்கள், எத்தனை பேரை ஞாபகம் வைக்கலாம்? ரீச்சர் நல்ல கூறை எடுத்திருப்பார். அவருக்கு அதெல்லாம் தெரியும்.

ஹாஷிம் நானாவின் கடையில் குடும்பத்துக்குத் தேவையான சாமான்தான் விற்கிறோம். இப்போது பள்ளிக்கூடம் தொடங்குகிற காலம் என்பதால் சரியான கூட்டம்.

சேலை விஷயம். யோசித்துப் பார்த்தேன். நான் எடுக்கிற நிறம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிடிக்குமோ தெரியாது. யாழ்ப்பாணத்திலும் இப்போது நல்ல சேலைகள் வருகின்றன என்று சொல்கிறார்கள். வதனியே கண்ணால் பார்த்து எடுப்பதுதான் நல்லது. குறை நினையாதேயுங்கள்.

உங்கள் மச்சாள்,
பாலேஸ்வரி


கொக்குவில்,
30.01.1999

பாலேஸ்வரிக்கு,

உமது தடிமன் மாறியிருக்கும் என்று நினைக்கிறேன். கொத்தமல்லி அவித்துக் குடியும்.

ரீச்சர் வந்துவிட்டார். கூறையைக் கொண்டுவந்து காட்டினார். பொங்கலுக்கு இரண்டு நாள் கழித்து வந்தார், கனநேரம் இருந்து கதைத்துவிட்டுப் போனார். நல்ல கூறைதான்.

சேலையை நீர்தான் எடுக்க வேணும். நிறம் பிடிக்கிறதோ இல்லையோ, அது வேறு கதை. உமது கையால் எடுக்க வேணும். இதற்கு மேல் நான் கெஞ்ச மாட்டேன், நீர் எனக்கு மறுமொழி மட்டும் எழுதும்.

இரத்தினம்மா


வெள்ளவத்தை,
21.02.1999

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தில் பகிடி ஒன்றும் இல்லாததைப் பார்த்துப் பயந்துபோனேன். சுகமில்லையோ என்று நினைத்தேன். தயவுசெய்து உடம்பைப் பாருங்கள்.

முழுப் பூசணிக்காயை எவ்வளவு நாளைக்குச் சோற்றில் மறைப்பது? ஹாஷிம் நானாவின் கடை சப்பாத்துக் கடை. நான் குட்டி முக்காலி ஒன்றில் இருந்து வருகிற ஆட்களின் காலைப் பிடித்து அளவு பார்த்து, சப்பாத்தை மாட்டி, கொளுவி, கழற்றிக் கொடுக்கிறேன். இருந்துகொண்டே செய்கிற வேலை என்று எழுதினேனே, பொய் இல்லை. எங்கே இருந்து என்றுதான் எழுதவில்லை.

முதல் நாள் ஒரு மீன்காரரின் காலை மடியில் வைத்தேன். முகத்துவாரத்திலிருந்து வந்தவர், பாவம், என்னைவிட அவர்தான் கூசிப்போனார். ‘நானே போடுறன் அம்மா’ என்றார். நம் வீட்டில் யாராவது என்னைக் கண்டால் என்ன சொல்வார்கள் என்று அன்று முழுக்க நினைத்தேன். வெள்ளவத்தை அளவுக்கு நம் ஊர் ஆட்கள் வராத இடம் என்றுதான் கொட்டாஞ்சேனைக்கு வந்தேன். விதி விடுமா? சென்ற கிழமை யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் வந்தார். நான் வாய் திறந்ததுமே கண்டுபிடித்துவிட்டார். ‘பிள்ளை எந்த ஊர்? ஆற்ற ஆள்?’ என்று கேட்டுக்கொண்டே காலை மெல்ல உள்ளே இழுத்தார். நான் ஊரை மாற்றிச் சொன்னேன். யாருடைய ஆள் என்பதைச் சொல்லவே இல்லை. உங்கள் வீட்டுப் பெயரை அந்த முக்காலியில் வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேணும். ஒரு சிங்களத் தாய் தன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கிக்கொண்டு ‘ஸ்தூதி நங்கி’, நன்றி தங்கச்சி, என்று என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். துணிக்கடையில் ஆயிரம் சேலை விரித்துக் காட்டினேன், நம்முடைய ஆட்கள் ஒருத்தரும் நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை.

காலைத் தொடுகிற கையால் மணவறைச் சேலை எடுக்கக் கூடாது மச்சாள். அதைவிடவும் காரணம் இருக்கிறது. என் கை வேண்டாம்.

பாலேஸ்வரி


கொக்குவில்,
18.03.1999

அன்பின் பாலேஸ்வரிக்கு,

நாங்கள் சுகம்.

சப்பாத்துக் கடை என்றால் என்ன? களவெடுத்தீரா? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதை நினைத்து ஒரு நேரச் சாப்பாட்டையும் விடாதேயும். காலைத் தொட்டால் கை கழுவினால் போச்சு.

அதைவிடவும் காரணம் இருக்கிறது என்று எழுதி நிறுத்திவிட்டீர். அதை எழுதும். ஒளிக்காமல் எழுதும்.

இரத்தினம்மா


வெள்ளவத்தை,
05.04.1999

அன்புள்ள மச்சாளுக்கு,

சுகம் விசாரித்து எழுத வேணும் என்று தெரியும். இந்தக் கடிதத்தில் அது வரவில்லை, மன்னியுங்கள்.

ரீச்சர் என் கடைக்கு வந்தார். நான் உங்களுக்குப் பொய் எழுதினேன். ஞாபகம் இல்லை என்று எழுதினேனே, அந்த நாளை நான் மறந்த நேரமே இல்லை.

செல்லையா முதலாளி என்னை வேலைக்கு எடுத்தபோது கூறைப் பக்கத்துக்குத்தான் எடுத்தார். கூறை காட்டுகிற பெண் பூவும் பொட்டுமாக நிற்க வேணும், அதுதான் அந்தக் கடை வழக்கம். வாங்க வருகிறவர்களும் அதைத்தான் பார்ப்பார்கள். ‘மனுசன் எங்க?’ என்று கேட்டார். ‘சுவிஸில’ என்று சொல்லிவிட்டேன். காணவில்லை என்று சொன்னால் அந்தப் பக்கம் விட மாட்டார் என்று தெரியும். நீங்கள் வைக்கச் சொன்ன பொட்டு, என் நெற்றியில் இருந்ததுதான். புதிதாக வைக்கவில்லை. ஆனால் அதைக் காட்டி வேலை வாங்கினேன்.

தீபாவளி முடிந்த கிழமை ரீச்சரும் அவருடைய தங்கச்சியும் வந்தார்கள். ஊர் முகத்தைக் கண்ட சந்தோஷத்தில் நான் ஓடிப்போனேன். அவர் என்னை உடனே மட்டுக்கட்டவில்லை. ‘நல்ல அரக்குச் சிவப்பில ஒண்டு காட்டும்’ என்றார். இருந்ததிலேயே நல்லதை எடுத்து, எல்லோருக்கும் காட்டுகிற மாதிரி என் தோளில் போட்டு, தலைப்பை விரித்துக் காட்டினேன். அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“பாலேஸ்வரியெல்லே? நாதன்ர மனிசி?”

“ஓம் ரீச்சர். எப்ப வந்தனீங்கள்? ஆருக்குக் கூறை?”

அவர் என் நெற்றியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிட்ட வந்தார். ரீச்சர் மெல்லக் கதைத்ததை என் வாழ்க்கையில் அன்றுதான் கேட்டேன்.

“பிள்ளை, அந்தக் கூறையைக் கீழ வையும். உமக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே? புரட்டாதியில, நாதன் இனி இல்லையெண்டு அந்தியேட்டிக் கிரியை செய்து முடிச்சாச்சு. நானும் வந்து சாப்பிட்டனான்.”

“ஆர் செய்தது?”

“இரத்தினக்காதான். வேற ஆர்? இது வதனிக்கு எடுக்கிற கூறை. அதுதான் சொல்லுறன், கோவியாதையும்.”

நான் கோபிக்கவில்லை. கூறையைத் தோளிலிருந்து எடுக்கத்தான் கை வரவில்லை. அவருடைய தங்கச்சிதான் எடுத்து மடித்து ஒரு பக்கம் தள்ளி வைத்தார். நல்ல கூறை மச்சாள். அதை விட்டுவிட்டு, என் உடம்பில் படாத வேறொன்றை எடுத்துக்கொண்டு போனார்கள். முதலாளி கேட்டுக்கொண்டு நின்றார். கூட வேலை செய்த பெண்களும் நின்றார்கள். ‘நாளையிலேருந்து பின்னுக்குப் பெட்டி அடுக்குங்கோ அம்மா’ என்று மரியாதையாகத்தான் சொன்னார். மறுநாள் நான் போகவில்லை.

இவ்வளவு நாளும் இதை எழுதாமல் விட்டது ரீச்சருக்காகத்தான். சம்பந்தி வீட்டோடு என்னால் ஒரு கதை வந்து வதனியின் கலியாணம் குழம்பிவிடக் கூடாது. அதுதான் உண்மை. இன்னொரு உண்மையும் இருக்கிறது. கேட்டால் நீங்கள் ஓம் என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயம்.

இப்போது கேட்கிறேன். அந்தியேட்டி செய்தீர்களா? செய்த பிறகுமா எனக்குப் பொட்டு வைக்கச் சொல்லி எழுதினீர்கள்?

பாலேஸ்வரி


வெள்ளவத்தை,
09.05.1999

அன்புள்ள மச்சாளுக்கு,

சித்திரை வருடப் பிறப்புக்கும் உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கப்பல் பிந்துகிறதா, உங்களுக்குச் சுகமில்லையா, என் மேல் கோபமா என்று தெரியாமல் தவிக்கிறேன். முன்னால் எழுதியது கிடைத்திருந்தால் கிழித்துப் போடுங்கள். நான் கேட்டதை மறந்துவிடுங்கள். உங்களைக் கேள்வி கேட்க நான் யார்? கூடப் பிறந்தவர் நீங்கள். நான் நாலு வருடம் வாழ்ந்தவள்.

என் பாட்டைச் சொல்கிறேன், சிரிப்பீர்கள். காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்றால் கை தானாகக் குங்குமத்துக்குப் போகிறது. வைத்தால் ஊரை ஏமாற்றுகிறேன், அழித்தால் அவரை நானே கொல்கிறேன். அதனால் இரண்டையும் செய்கிறேன். வெள்ளவத்தையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, கொட்டாஞ்சேனை வருமுன் லேஞ்சியால் துடைத்துவிடுகிறேன். பக்கத்தில் இருக்கிறவர்கள் பொட்டைக் கண்டால் தமிழ் என்று சோதனைச்சாவடியில் மறிப்பார்கள் எனப் பயந்து நான் அழிக்கிறேன் என்று நினைக்கிறார்கள். முந்தாநாள் ஒரு பெண் ‘பயப்படாதைங்கோ அக்கா, இண்டைக்கு பஸ்ஸால இறக்க மாட்டாங்கள்’ என்று ஆறுதல் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கலியாணம் நல்லபடி நடக்க வேணும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். வதனிக்கு என் அன்பு.

பாலேஸ்வரி


கொக்குவில்,
24.05.1999

என் அன்பின் பாலேஸ்வரிக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. கப்பல் பிந்தவில்லை. நான்தான் பிந்தினேன். தாளை எடுப்பதும் வைப்பதுமாகக் கிடந்தேன். வயது போன காலத்தில் இப்படி ஒரு வெட்கம் எனக்கு வர வேண்டியிருந்தது.

ஓம், செய்தேன்.

சம்பந்தம் பேசி வந்தபோது ரீச்சர் ஒன்றுதான் கேட்டார். ‘தாய்மாமன் இருக்கிறாரோ இல்லையோ எண்டு தெரியாத வீட்டில எப்பிடி மங்கள காரியம் செய்யிறது? இருக்கிறார் எண்டால் முன்னுக்கு வந்து நிற்கட்டும். இல்லையெண்டால் செய்யிறதைச் செய்யுங்கோ.’ அவர் மேலும் பிழை சொல்ல மாட்டேன், ஊர் வழக்கத்தைத்தான் சொன்னார். நான் மூன்று மாதம் இழுத்தேன். வதனிக்கு இருபத்தெட்டு முடிகிறது. இனி இழுத்தால் இதுவும் கைவிட்டுப் போய்விடும் என்று பயந்து தலையை ஆட்டிவிட்டேன். கீரிமலைக்குப் போக ஆமிக்காரர் விட மாட்டார்கள், வில்லூன்றித் தீர்த்தக்கரையில்தான் செய்தோம். தர்ப்பையில் ஓர் உருவம் செய்து ஐயர் அதற்கு என் தம்பியின் பெயரைச் சொன்னார். எனக்குக் காது அடைத்துவிட்டது.

உமக்கு எழுத வேண்டியவள் நான். எழுதியிருந்தால் நீர் அன்றே பொட்டை அழித்திருப்பீர். வதனியின் தகப்பன் போன நாளிலிருந்து நான் எந்தக் கலியாண வீட்டிலும் கிணற்றடியில்தான் நின்றேன். அந்த இடத்துக்கு உம்மையும் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. என் பிள்ளைக்காக அவனைச் சாகடித்தேன், எனக்காக உம்மிடத்தில் உயிரோடு வைத்திருந்தேன். ஒரு ஆளை நான் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வைத்தேன். அதனுடைய பழி ஒரு கடையில் ஆட்களுக்கு முன்னால் உமது தோளில் விழுந்துவிட்டது.

பொங்கலுக்குப் பிறகு ரீச்சர் வந்து எல்லாவற்றையும் சொன்னார். உம்மைக் கண்டதையும், கூறையைக் கீழே வைக்கச் சொன்னதையும். அவரும் கலங்கித்தான் போயிருந்தார். அன்றுதான் உமது கையால் சேலை எடுக்க வேணும் என்று பிடிவாதமாக எழுதினேன். உண்மையை எழுதத் துணிவில்லை, சேலையைத்தான் எழுதினேன்.

இப்போது இங்கே பெரிய குழப்பம், கேளும். உமது கடிதத்தை வதனி வாசித்துவிட்டாள். நேரே ரீச்சர் வீட்டுக்குப் போய் ‘என்ர மாமி எடுத்த சேலையோட, மாமிக்குப் பக்கத்திலதான் மணவறைக்கு வருவன். இல்லாட்டி வரமாட்டன்’ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ரீச்சர் இன்னும் மறுமொழி சொல்லவில்லை. இந்தச் சம்பந்தமும் குழம்பிவிடுமோ என்று பயம். ஆனாலும் அவளை நான் தடுக்கவில்லை. கூறையை எடுத்தாயிற்று, ரீச்சர் அவ்வளவு காசு போட்டு எடுத்ததைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கிற ஆள் இல்லை என்று என்னையே தேற்றிக்கொள்கிறேன். நீர் வாரும். அனுப்ப வேண்டாம், கொண்டு வாரும். நெற்றியில் என்னத்தோடு வருகிறீர் என்பது உமது விருப்பம். இனி நான் அதைப்பற்றி ஒரு சொல் சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு நானும் கிணற்றடியை விட்டு வந்து உம்மோடு முன்னுக்கு நிற்கிறேன்.

இதோடு இரண்டு கால் அளவு வைத்திருக்கிறேன். கொப்பித் தாளில் கீறியது வதனியுடையது. பந்தலுக்கு வருகிறபோது போட ஒரு நல்ல செருப்பு நீரே பார்த்து எடும். இந்த வேலையில் எங்கள் குடும்பத்தில் உம்மைவிடத் தெரிந்தவர் யார்?

மற்றது, கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் இருப்பது, தம்பியுடையது. உங்கள் கலியாணத்துக்குக் கொழும்பில் சப்பாத்து எடுப்பிக்கவென்று கீறியது. பென்சிலைப் பிடித்தது நான். கூசுகிறது என்று காலை இழுத்து இழுத்துச் சிரித்தான், அதனால் பெருவிரல் பக்கம் கோடு கோணல். அந்தியேட்டி அன்று அவனுடைய சாமான் ஏதாவது தாருங்கள் என்று ஐயர் கேட்டார். சட்டையைக் கொடுத்தேன். இதைக் கொடுக்க முடியவில்லை.

அவனுக்கும் ஒரு சோடி எடுத்து வையும்.

இரத்தினம்மா


வெள்ளவத்தை,
16.06.1999

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கால் நோவோடு கலியாண வேலையும் சேர்ந்துவிட்டது. நான் வந்து மிச்சத்தைப் பார்க்கிறேன், அதுவரைக்கும் கொஞ்சம் இருந்து எழும்புங்கள். கப்பலுக்குப் பதிந்துவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்தாலும் வருவேன். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நேரில் நின்று இதையெல்லாம் சொன்னால் இரண்டு பேரும் அழுதுகொண்டு நிற்போம், கலியாண வீட்டில் அது வேண்டாம்.

உங்கள் கடிதத்தை வாசித்து இரண்டு நாள் உங்கள் மேல் கோபமாகத்தான் இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள், தர்ப்பைக்கு முன்னால் தனியே இருந்த உங்களை நினைத்தேன். நான் இல்லாமல் போனேனே என்றுதான் பிறகு வருத்தமாக இருந்தது.

சேலை எடுத்துவிட்டேன். எங்கே தெரியுமா? செல்லையா முதலாளியின் கடையில். பொட்டு வைத்துக்கொண்டு போய், வாங்க வருகிறவர்கள் இருக்கிற கதிரையில் இருந்தேன். முதலாளி சோடா எடுப்பித்தார். அவரிடம் ‘முதலாளி, அவர் சுவிஸில இல்லை. எங்க எண்டு எனக்குத் தெரியாது’ என்று சொன்னேன். ‘சோடாவைக் குடியுங்கோ அம்மா’ என்றார் மனிதர். என் இடத்தில் இப்போது நிற்கிற பெண் மாம்பழ நிறத்தில் ஒன்றை எடுத்துத் தன் தோளில் போட்டுக் காட்டினாள். ‘இஞ்ச தாரும்’ என்று வாங்கி என் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். பார்த்துத்தான் எடுத்தேன். இதை வதனிக்குச் சொல்லுங்கள். ரீச்சருக்கும் சொல்லுங்கள், ஒளிக்க வேண்டாம். அவர் வேண்டாம் என்றால் நான் சேலையைக் கொடுத்துவிட்டுப் பின்னுக்குப் போய்ச் சமையலைப் பார்ப்பேன், எனக்கு மனவருத்தம் இல்லை. ஆனால் இனிப் பஸ்ஸில் வைத்து எதையும் துடைக்க மாட்டேன்.

வதனியின் செருப்புக்கு நானும் ஹாஷிம் நானாவும் ஒரு காலை முழுக்கச் சண்டை பிடித்தோம். கடைசியில் நான் சொன்னதையே தந்தார். பிறகு கலண்டர்த் தாளைக் கொடுத்தேன். நானா அதைப் பலகையில் விரித்து வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“பெருவிரல் பக்கம் வளைஞ்சு ஈக்கிதே தங்கச்சி. ஒரு அளவு கூட எடுப்பமா?”

“இல்லை நானா. கூசிச் சிரிச்சவர். கோடுதான் கோணல், கால் நேர்.”

கறுப்பில் ஒரு சோடி எடுத்தார். கேள்வி கேட்காத மனிதர் என்று உங்களுக்கு எழுதினேன் அல்லவா? இவ்வளவு மாதத்தில் அன்றுதான் ஒன்று கேட்டார்.

“யாருக்கு இது?”

“என்ர அவருக்கு” என்றேன். சத்தமாகவே சொன்னேன். கடையில் ஆட்கள் நின்றார்கள்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பெட்டியை மூடி நூல் கட்டினார், எல்லோருக்கும் சொல்கிற மாதிரியே சொன்னார்: “இறுக்கமெண்டா அவரையே கூட்டிக்கொண்டு வாங்க. எவ்வளவு நாள் போனாலும் மாத்தித் தாரன்.”

பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். அதைக் கொண்டுவர மாட்டேன், இங்கேயே இருக்கட்டும். கலியாணம் முடிந்து திரும்பி வந்து வேலைக்குப் போக வேணும், அலுவலகங்களுக்கும் போக வேணும்.

உங்கள் தம்பி மனைவி,
பாலேஸ்வரி